செவ்வாய்க் கிழங்குக்கு 40 லிட்டர் போதுமா?

கடைமடை: நேத்து இங்க ஒருத்தர் எழுதியிருந்தார்: "அறிவியல் புனைகதைன்னா ஆண்டி வியர்தான். 'தி மார்ஷியன்'ல ஒரு கணக்குகூடத் தப்பு கிடையாது." பிடிச்சா படிங்க, யார் வேண்டாம்னா? "ஒரு கணக்குகூட"ங்கிறதுதான் இடிக்குது. அந்த நாவல்ல செவ்வாய்க் கிரகத்துல தனியா மாட்டிக்கிட்டவன், கூடாரத்துக்குள்ள அந்த ஊர் மண்ணைப் பரப்பி உருளைக்கிழங்கு போடுறான்; கன மீட்டர் மண்ணுக்கு 40 லிட்டர் தண்ணின்னு வருது. கன மீட்டருங்கிறது 1000 லிட்டர். அப்ப நூத்துக்கு 4 பங்கு ஈரம். நம்ம களிமண்ணுல 20 பங்கு இருக்கும்போதே பயிர் வாடும்.

குடமுருட்டி: அந்த "ஒருத்தர்" நான்தான். பேரைச் சொல்றதுல என்ன கூச்சம்? அவன் தோண்டினது நம்ம ஊர் களி இல்லைங்க, மணல் மாதிரி பொடி. மணல் எப்பவுமே கம்மியாத்தான் தண்ணி பிடிக்கும்.

கடைமடை: மணல்லயும் 5 பங்கு வாக்குல வந்துட்டா வேருக்கு ஒண்ணும் கிடைக்காது. மண்ணு கனம் 10 சென்டிமீட்டர். அதுல 4 பங்குன்னா 4 மில்லிமீட்டர் தண்ணி. 4 மில்லி மழைக்குப் புழுதி அடங்கும், அவ்வளவுதான். நல்லா வளர்ந்த உருளைச் செடி வெட்டவெளியில ஒரே நாள்ல 4, 5 மில்லி இழுத்துடும்.

குடமுருட்டி: அண்ணே, அது மூடின கூடாரம். ஆவியானது எங்கயும் போகாது, ஈரத்தைப் பிடிச்சுத் தண்ணியாக்க இயந்திரம் இருக்கு. ஈர்ப்பும் பூமியில 38 சதவீதம்தான், அதனால தண்ணி கீழ வடியறதும் குறையும். எல்லாத்துக்கும் ஜூன் 12 மேட்டூர் திறப்புக் கணக்கையே போட்டா எப்படி?

கடைமடை: ஊத்தினதே 4 பங்கு, இதுல வடியறதுக்கு என்ன இருக்கு? கூடாரத் தரை 92 சதுர மீட்டர். 10 சென்டிமீட்டர் கனத்துக்கு 9.2 கன மீட்டர் மண், 368 லிட்டர் தண்ணி. செடி அதை ஒரு நாள்ல இழுத்தா, இயந்திரம் அத்தனையையும் அன்னைக்கே திருப்பித் தரணும். வெளிச்சம் குறைவுன்னு பாதியா வச்சாலும் ரெண்டு நாள். ஒரு நாள் மிஷின் நின்னா பயிர் காலி.

முக்கொம்பு: லிட்டர் கணக்குப் பார்க்கவா ஐயா கதை படிக்கிறீங்க? சுஜாதா பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்துலயே இருந்தவர். 'என் இனிய இயந்திரா'வுல ஜீனோவோட சர்க்யூட்டை விளக்கிக்கிட்டா நின்னார்? இயந்திர நாய், அது பேசுற பேச்சுலயே கதை ஓடும். கதாநாயகி நிலாவை விட ஜீனோதான் மனசுல நிக்கும். ஸ்ரீரங்கத்துல வளர்ந்தவர், நம்ம டெல்டாக்காரர்.

கடைமடை: ஸ்ரீரங்கம் எப்பத்துலேர்ந்து டெல்டா? கல்லணைக்குக் கீழதான் டெல்டா.

முக்கொம்பு: கொள்ளிடம் பிரியறது முக்கொம்புல. ஆறு பிரியற இடத்துல ஆரம்பிக்காம வேற எங்க ஆரம்பிக்கும்? வாய்க்கால் கடைசியில உட்கார்ந்துக்கிட்டு தலைமடைக்கு எல்லை போடாதீங்க.

கோடியக்கரை: 40 லிட்டரைப் பிடிச்சுத் தொங்குறீங்களே, முதல் அத்தியாயப் புயலை விட்டுட்டீங்க. மணிக்கு 175 கிலோமீட்டர் காத்து, ராக்கெட்டே சாயுதாம். செவ்வாய்க் காத்தோட அடர்த்தி இங்க இருக்கிறதுல அறுபதுல ஒரு பங்கு. தள்ளுற விசைக்கு நம்ம ஊர்ல 22, 23 கிலோமீட்டர் காத்துதான் சமம். 2018 கஜா பார்த்த வேதாரண்யத்துல வந்து இதைப் புயல்னு சொல்லட்டும்.

குடமுருட்டி: அதை வியரே ஒத்துக்கிட்டாரே! ஆளைத் தனியா விட்டுட்டுப் போக ஒரு காரணம் வேணும்.

கடைமடை: ஆக, "ஒரு கணக்குகூட" போச்சு. 40-க்கும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க.

குடமுருட்டி: புயல் கணக்கு இல்லை, கதை. 40-ல தப்பு எதுவும் இல்லை. முதல்ல தன் இணையதளத்துல அத்தியாயம் அத்தியாயமாப் போட்டு, வாசகர் சொன்னதை வச்சுத் திருத்தி, 2011-ல தானே வெளியிட்டவர். அத்தனை பேர் படிச்சது சும்மாவா? உருளைக்கிழங்கு மலைப்பயிர், நெல்லு போடுறவங்களுக்கு அதுல என்ன தெரியும்?

வெண்ணாறு: தண்ணி எவ்வளவுங்கிறதை விட, அதைச் செய்யற விதம்தான் ருசி. ஹைட்ரசீன்ங்கிற ராக்கெட் எரிபொருளைச் சொட்டுச் சொட்டா இரிடியம் உலோகத்து மேல விட்டு ஹைட்ரஜனைப் பிரிக்கிறான், அதை எரிச்சாத் தண்ணி. முகமூடியில மூச்சு விடும்போது வெளிய வர்ற ஆக்சிஜனை மறந்துட்டான், வெடிச்சிடுது. தப்பும் கணக்குலேர்ந்தே வருது. ஆனா எனக்கு ஆர்தர் சி. கிளார்க்தான். 1973-ல வந்த ராமா நாவல்ல உருளை வடிவ விண்கப்பலுக்குள்ள 10 கிலோமீட்டர் அகலக் கடல். வடகரை 50 மீட்டர், தென்கரை 500 மீட்டர். கப்பல் வடக்கே வேகம் எடுத்தாத் தண்ணி தெற்கே ஏறும். கரை உயரத்தைப் பார்த்தே கப்பல் எவ்வளவு வேகம் கூட்டும்னு அதை ஆராயப் போன ஆளுங்க கண்டுபிடிக்கிறாங்க. கரையோரம் இருக்கிறவனுக்கு இதை விட என்ன வேணும்?

கோடியக்கரை: கிளார்க் கதையில மனுஷன் எங்க இருக்கான்? எல்லாம் கரையும் கடலும்தான்.

வெண்ணாறு: புயல் மட்டும் தெரிஞ்சவங்க கரையைப் பத்திப் பேசாதீங்க.

கடைமடை: ராமா தனித் திரி போடுங்க, அங்க வர்றேன். இங்க நூத்துக்கு 4 பங்குல கிழங்கு எப்படி இறங்கும்? நெல்லு போடுறவனுக்கும் ஈரம் ஈரம்தான் தம்பி. கன மீட்டருக்கு 200 லிட்டர்னு எழுதியிருந்தா நான் வாயே திறந்திருக்க மாட்டேன்.

குடமுருட்டி: 200-ன்னா 1840 லிட்டர். அவ்வளவு ஹைட்ரசீனுக்கு எங்க போவான்? கதையே நடக்காது.

கடைமடை: அதைத்தானே சொல்றேன், கதை நடக்கணும்னுதான் 40.

குடமுருட்டி: அது உங்க 200. செவ்வாய்க்கு 40 போதும்.

முக்கொம்பு: கொள்ளிடம் எங்க பிரியுதுன்னு கேட்டேன், பதிலே காணோம்.