செவலைக்கு எந்த டாக்டருங்க?

குழு: அப்புச்சி தோட்டம்
சனிக்கிழமை

காலை 8:04, கவிதா: எல்லாருக்கும் வணக்கமுங்க. தோட்டத்துல இருந்து தூக்கிட்டு வந்த நாய்க்குட்டிக்கு இன்னைக்கு 45 நாளு. திருப்பூர்ல எந்த டாக்டருகிட்டக் காட்டலாம்? யாழினி பேரு கூட வெச்சுட்டா. செவலை.

8:07, சரவணன் மாமா: கருவாச்சி போட்ட குட்டிதான கண்ணு? நல்ல பேரு.

8:11, அப்புச்சி: நாட்டுக்குட்டிக்கு என்னத்துக்கு டாக்டரு ஊசி எல்லாம். அதோட ஆத்தா ஏழு வருசமா இட்டேரியில சுத்தறா. பழைய சோறும் மோருந்தான்

8:15, நித்யா: அக்கா, அவிநாசி ரோட்டுல ஒரு கிளினிக் இருக்குது. ஏசி, மீன் தொட்டி எல்லாம் வெச்சிருக்காங்க. கூகுள்லயும் நல்ல ஸ்டார் போட்டிருக்குது.

8:16, சரவணன் மாமா: நம்ம மாட்டு டாக்டரு இருக்கறப்ப எதுக்கு வெளிய தேடறீங்க? போன ஐப்பசில ராத்திரி 2 மணிக்கு, கொட்டற மழையில வந்து கன்னை இழுத்து எடுத்தாரே.

8:22, கவிதா: காதுக்குள்ள உண்ணி வேற நெம்ப இருக்குதுங்க மாமா. எடுக்க எடுக்க வருது.

8:24, அப்புச்சி: கட்டுத்தரையில மாட்டுக்கு அடிக்கற மருந்து இருக்குது. சித்தே தண்ணியில கலக்கித் தடவி விடு சரியாப் போயிரும்

8:40, மகேஸ்வரி பெரியம்மா: கவிதா, ஏசியும் மீன் தொட்டியும் பாத்துத்தான் கண்ணு நானும் போனேன். கொஞ்சம் பொறுமையாப் படி.

8:52, மகேஸ்வரி பெரியம்மா: வர்ற தைக்கு எங்க நாய்க்குட்டி மணி போயி ஒரு வருசம். வித்தவன் ஊசியெல்லாம் போட்டாச்சுங்கன்னு ஒரு அட்டையைக் குடுத்தான். அதுல பேனாவுல தேதி மட்டுந்தான் இருந்துது. மருந்து பாட்டல்ல இருக்கற ஸ்டிக்கரைப் பிச்சு அட்டையில ஒட்டோணும்னே எனக்குத் தெரியாது. கிளினிக்குல காட்டுனேன். குட்டியைக் கையில கூடத் தொடலை, மேசைக்கு அக்கட்டால உக்காந்துட்டே டானிக் எழுதிக் குடுத்தாங்க. ஒரு சனிக்கிழமை ராத்திரி வாந்தி எடுத்துது. விடியறதுக்குள்ள ரத்தமாக் கழிச்சல். அந்த வாடை இன்னும் என் மூக்கை விட்டுப் போகலை. போன் போட்டா சுவிட்ச் ஆஃப். ஞாயித்துக்கிழமை பூட்டு. வேற யாருக்குக் கூப்புடறதுன்னு முன்னாடியே நான் விசாரிச்சு வெக்கலை கண்ணு. திங்கக்கெழமை காலையில என் மடியிலயே போயிருச்சு.

8:53, நித்யா: பெரியம்மா...

8:55, கவிதா: இத்தனை நாளா இதை நீங்க சொல்லவே இல்லீங்களே பெரியம்மா.

 

9:31, பிரவீன்: இப்பத்தான் கால்நடைக் காலேஜ் ஹாஸ்டல்ல எந்திரிச்சுப் பாக்கறேன். கவிதாக்கா, மாட்டு உண்ணி மருந்தைத் தொட்டுராதீங்க! அது மாட்டோட எடைக்குப் போட்ட அளவு. இத்தனூண்டு குட்டி அதை நக்குனா வலிப்பு வந்துரும். டாக்டரு பாக்கற வரைக்கும் கையில எடுத்து சோப்புத் தண்ணியில போடுங்க.

9:36, பிரவீன்: பெரியம்மா, மணிக்கு வந்தது பார்வோங்கற வைரஸ் கழிச்சல் நோய் மாதிரித்தான் தெரியுது. அப்புச்சி, ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. கருவாச்சி நல்லா இருக்கறா, சரிங்க. அவ போட்ட குட்டிகள்ல எத்தனை நின்னுது?

9:48, அப்புச்சி: போன ஈத்துல ஆறு. நின்னது ஒண்ணு

9:49, அப்புச்சி: எல்லாம் கழிஞ்சு கழிஞ்சே போயிருச்சுக

9:58, பிரவீன்: அதுக்குத்தானுங்க அப்புச்சி ஊசி. தாய்ப்பால்ல வந்த எதிர்ப்புச் சக்தி குட்டி ஒடம்புல இருக்கறப்ப ஊசி போட்டா, அந்தச் சக்தியே ஊசி மருந்தை முறிச்சுப் போடும். அது வத்துனதுக்கு அப்புறம் ஊசி இல்லைன்னா நோய் புகுந்துக்கும். எந்த வாரத்துல வத்தும்னு குட்டிக்குக் குட்டி மாறும். அதனாலதான் 6 வாரம் இல்லைன்னா 8 வாரத்துல ஆரம்பிச்சு, 3-4 வாரத்துக்கு ஒருக்கா, 16 வாரம் ஆகற வரைக்கும் போடறது. வெறிநோய்க்கு 3 மாசத்துல தனி ஊசி. ஒரே ஊசியில முடிஞ்சுதுன்னு யாராச்சும் சொன்னா அங்க நிக்காதீங்க அக்கா.

10:03, பிரவீன்: டாக்டரு எழுதிக் குடுக்கற சீட்டுல கால்நடை மருத்துவக் கவுன்சில் பதிவு எண் இருக்குதான்னு பாருங்க. அஞ்சரை வருசம் படிச்சுப் பதிவு பண்ணுனவங்கதான் டாக்டரு. மருந்துக் கடையில நிக்கறவங்களும் சில எடத்துல ஊசி போட்டு விடறாங்க.

10:20, அப்புச்சி: நம்ம டாக்டருக்குப் போன் போட்டேன். மாடு எருமைன்னா நடுச்சாமத்துலயும் வரேனுங்க, குட்டிக்கு மட்டும் தெனமும் நாயி பாக்கற ஆளுகிட்டப் போங்கங்கறாரு. அந்த ஊசி மருந்து எந்நேரமும் 2ல இருந்து 8 டிகிரிக்குள்ள இருக்கோணுமாமா. ஒரு குட்டிக்காக வாங்கி வெச்சு, கரண்டு போயி கெட்டதை உங்க பேத்தி ஊட்டுக் குட்டிக்குப் போட மனசு வராதுங்கன்னு சொன்னாரு

10:21, சரவணன் மாமா: அவரே சொல்லீட்டாருன்னா சரிங்கப்பா.

11:45, கவிதா: மூணு எடத்துக்குக் கூப்பிட்டேன். மொதோ எடத்துல நான் பேசி முடிக்கறதுக்குள்ள "கூட்டிட்டு வாங்க, போட்டுரலாம்"னாங்க. ரெண்டாவது எடத்துல எடுக்கவே இல்ல. மூணாவது காங்கயம் ரோட்டுல, வீட்டுல இருந்து 10 நிமிசம். அங்க அவங்கதான் என்னைக் கேள்வி கேட்டாங்க. வயசென்ன, தாய் இருக்குதா, கழிச்சல் உண்டா, என்ன திங்குதுன்னு. காலையில போன மலத்தைச் சித்தே டப்பாவுல கொண்டாரச் சொன்னாங்க. ராத்திரி அவசரம்னா டாக்டருக்கே கூப்பிடலாமாமா. அவரு ஊர்ல இல்லைன்னா யாருகிட்டப் போகோணும்னும் எழுதிக் குடுப்பாராமா.

11:47, மகேஸ்வரி பெரியம்மா: அங்கயே போ கண்ணு. நான் கேக்காம விட்டது அதுதான்.

11:50, பிரவீன்: ஸ்கேன், ஆபரேசன்னு பெருசா ஏதாச்சும் வந்தா எங்க நாமக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாங்க, நான் கூட இருக்கறேன். உடுமலையிலயும் 2020ல கால்நடைக் காலேஜ் வந்துருச்சு. அந்த டாக்டரு வேற எடத்துக்குத் தாட்டி விட்டாலும் நல்லதுன்னே எடுத்துக்கோங்க.

11:58, நித்யா: பொழுதோட ஆஸ்பத்திரி முடிஞ்சு அப்படியே பெரியம்மா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போலாங்க்கா, அவங்களுக்கு மனசு ஆறும்.

12:06, மகேஸ்வரி பெரியம்மா: வேண்டாம் சாமி. மணி படுத்துக் கெடந்த வாசலு இது.

12:10, பிரவீன்: பெரியம்மா சொல்றதுதான் சரி. அந்தக் கிருமி மண்ணுல ஒரு வருசம் கூடக் கெடக்கும். பினாயிலுக்குச் சாகாது. சிமெண்டுத் தரையை நல்லாத் தேச்சுக் கழுவிப்போட்டு பிளீச்சிங் பவுடர் கரைச்சு ஊத்தலாம், மண்ணு வாசலுக்கு அதுவும் பத்தாது. ஊசி எல்லாம் முடியட்டும்.

12:14, மகேஸ்வரி பெரியம்மா: நான் நாளைக்கு வரேன். குளிச்சு, வேற சீலை கட்டிட்டு, செருப்பை உங்க கேட்டுக்கு வெளியவே விட்டுட்டு வரேன். தூரத்துல இருந்து பாத்துக்கறேன்.

இரவு 7:26, கவிதா: வந்துட்டோமுங்க. தரையில விட வேண்டாம், கூடையோட மடியிலயே வெச்சுக்கங்கன்னு உள்ள போறதுக்கு முன்னாடியே சொல்லீட்டாங்க. எடை 2 கிலோ 300 கிராம். பல்லு, காது, தொப்புளு, வயிறு எல்லாந் தடவிப் பாத்தாரு. காச்சல் 103.6. நாய்க்கு 101ல இருந்து 102.5 வரைக்கும் இருக்கலாமாமா.

7:29, கவிதா: ஊசி போடலீங்க. காச்சலோட போட வேண்டாம், வெள்ளிக்கெழமை வாங்கன்னுட்டாரு. மலத்துல கொக்கிப்புழு முட்டை. மைக்ரோஸ்கோப்புல யாழினியைத் தூக்கிக் காட்டுனாரு. எடைக்குத் தக்கன பூச்சி மருந்து அளந்து குடுத்தாரு. உண்ணியை அவரே உக்காந்து ஒவ்வொண்ணா எடுத்தாரு, அரை மணி நேரம். அட்டை புதுசு போட்டுக் குடுத்திருக்காரு. ஊசிக் கட்டம் காலியா இருக்குது, அதைப் பாத்தா எனக்குத் தெம்பா இருக்குது. இனி செவலைக்கு இவருதானுங்க.

7:33, பிரவீன்: ராத்திரி காச்சல் ஏறுனாலோ வாந்தி எடுத்தாலோ விடியட்டும்னு இருக்காதீங்க்கா, ஒடனே அவருக்குக் கூப்பிடுங்க. நம்ம மாத்திரை எதுவும் குடுக்காதீங்க.

7:34, கவிதா: சரி தம்பி. நம்பரை அடுப்படிச் செவுத்துலயும் எழுதி ஒட்டியாச்சு.

7:51, அப்புச்சி: கருவாச்சிகிட்ட இன்னும் ரெண்டு குட்டி கெடக்குது. வெள்ளிக்கெழமை சரவணன் வண்டியில கூடையில வெச்சு நானே கொண்டாரேன். அவரு எத்தனை மணிக்குத் தொறப்பாரு கண்ணு