உதவி தேவை: பெயின்ட் சண்டைக் காட்சி சேறாகிறது, உதடும் பாட்டோடு ஒட்டவில்லை

கடைசி_பெஞ்சு எழுதியது:

வணக்கம். பள்ளித் திட்டப்பணிக்காக ஓர் இசைக் காணொளி செய்கிறோம். பாட்டு எங்கள் குழுவே எழுதி, மெட்டமைத்து, பதிவு செய்தது. அதனால் உரிமைச் சிக்கல் எதுவும் இல்லை. கதை இதுதான்: விழாவுக்காக மண்டபத்தை அலங்கரிக்க வந்த ஆறு பேர், கடைசிப் பல்லவி வரும்போது பெயின்டை ஒருவர் மேல் ஒருவர் ஊற்றிக்கொள்கிறார்கள்.

சோதனைக்காகக் கொஞ்சம் எடுத்துப் பார்த்தோம். இரண்டு போன், ஒரு கேமரா. பாட்டை ப்ளூடூத் ஸ்பீக்கரில் ஓடவிட்டு, அதற்கு வாயசைத்தோம். எடிட்டிங்கில் தொடக்கத்தை ஒட்டவைத்தால் சரியாக இருக்கிறது. ஆனால் போகப்போக, போனில் எடுத்ததில் உதடு நழுவி, கடைசியில் நன்றாகவே விலகிவிடுகிறது. கேமராவில் எடுத்தது ஒழுங்காக இருக்கிறது.

இன்னொன்று, 120 பிரேமில் (விநாடிக்கு 120 தனிப்படம்) எடுத்த ஸ்லோமோஷனில் வெளிச்சம் படபடவென்று துடிக்கிறது. கண்ணால் பார்த்தபோது மண்டப விளக்கு சாதாரணமாகத்தான் இருந்தது.

பெரிய தலைவலி நிறம். சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம் என்று நான்கு வைத்திருந்தோம். அரை நிமிடத்தில் எல்லோரும் வாய்க்காலில் விழுந்து எழுந்தவர்கள் மாதிரி ஆகிவிட்டோம். கொண்டாட்டமாகவே தெரியவில்லை.

உண்மையான படப்பிடிப்புக்கு மண்டபம் ஒரு பிற்பகல் மட்டும்தான் கிடைக்கும். பெயின்ட் பட்ட ஆளை வைத்து மறுபடி முதலிலிருந்து எடுக்க முடியாது. எப்படித் திட்டமிடுவது?

சும்மா_வந்தவன் எழுதியது:

ப்ளூடூத்தான் காரணம், வயர் போட்டு இணையுங்கள். அப்புறம் பெயின்டை விட்டுவிட்டு வண்ணப் பொடி தூவுங்கள். காற்றில் பறக்கும்போது பார்க்க அள்ளும், கழுவுவதும் சுலபம்.

தாளக்கட்டு எழுதியது:

ப்ளூடூத் இல்லை. அதில் பாட்டு தாமதமாகத்தான் வரும், ஆனால் பாடுகிறவரும் கேமரா மைக்கும் அதே ஸ்பீக்கரைத்தானே கேட்கிறார்கள்? இருவருக்கும் ஒரே தாமதம். தாமதம் என்றால் அது முதலிலேயே இருக்கும், போகப்போக வளராது. இவர்களுக்கு வளர்கிறது. அப்படியென்றால் பிரேம் விகிதத்தைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

பல போன்கள் 30 பிரேம் என்று காட்டினாலும் நிலையாக 30 எடுப்பதில்லை. வெளிச்சம் குறைந்தால் இறங்கும், கூடினால் ஏறும். போனிலேயே ஓட்டினால் இது தெரியாது, ஏனென்றால் ஒவ்வொரு பிரேமும் தன் நேரக்குறியோடு பதிவாகியிருக்கிறது. சில எடிட்டிங் மென்பொருள்கள் அந்தக் குறியைக் கண்டுகொள்ளாமல் எல்லாப் பிரேமையும் சம இடைவெளியில் அடுக்கிவிடும். உதடு நழுவுவது அங்கேதான். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் பிரேம் விகிதத்தை 'கான்ஸ்டன்ட்' என்று வைத்து மாற்றிவிட்டு, அந்தக் கோப்பை எடிட் செய்யுங்கள். மூலக் கோப்பை அழிக்க வேண்டாம்.

மூன்று கருவியையும் ஒரே விகிதத்தில் வையுங்கள். 29.97 பிரேமில் எடுத்ததை 30 என்று கணக்கு வைத்து ஓட்டினால் ஆயிரத்தில் ஒரு பங்கு வித்தியாசம். நான்கு நிமிடப் பாட்டில் அது கால் விநாடி, அதாவது ஏழு பிரேம். உதடு பிசகியதாகத் தெரிய அது தாராளம்.

அப்புறம், முழுப் பாட்டையும் ஒரே துண்டாக ஒட்டவைக்க ஏன் மெனக்கெட வேண்டும்? எப்படியும் சில விநாடிக்கு ஒரு வெட்டு வரப்போகிறது. அந்தந்த வரி வரும் இடத்தில் கேமரா ஒலியைப் பாட்டோடு பொருத்தினால் போதும். பாட்டுக் கோப்பின் தொடக்கத்தில் நான்கு 'டிக்' ஒலி சேர்த்துவையுங்கள். பாடுகிறவருக்குத் தாளம் கிடைக்கும், எடிட் செய்பவருக்குப் பொருத்த ஒரு புள்ளி கிடைக்கும்.

வெளிச்சம் எழுதியது:

துடிப்புக்கு வருகிறேன். மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் உள்ள இடத்தில் ட்யூப்லைட்டும் பல எல்இடி விளக்குகளும் விநாடிக்கு 100 முறை கூடிக் குறைகின்றன. நம் கண்ணுக்கு அது எட்டாது. 120 பிரேமில் எடுக்கும்போது ஒரு பிரேமுக்கு அதிகபட்சம் 1/120 விநாடிதான் கிடைக்கும். விளக்கின் ஒரு முழுத் துடிப்புக்கு 1/100 விநாடி வேண்டும். ஒரு துடிப்புகூட ஒரு பிரேமுக்குள் முழுசாக அடங்காததால் ஒரு பிரேம் பிரகாசம், அடுத்தது மங்கல். எடிட்டிங்கில் இதைச் சரிசெய்வது வீண் வேலை.

60 பிரேமில் எடுங்கள், ஷட்டரை, அதாவது ஒரு பிரேம் ஒளி வாங்கும் நேரத்தை, 1/100 விநாடியில் பூட்டுங்கள். ஒவ்வொரு பிரேமும் ஒரு முழுத் துடிப்பை வாங்கிக்கொள்ளும், துடிப்பு மறையும். 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் என்றால் 1/120. எல்இடியை டிம்மரில் குறைக்காதீர்கள், குறைத்தால் பல விளக்குகள் வேறு விதமாகத் துடிக்கும். இத்தனை கணக்கும் வேண்டாம் என்றால் பெரிய ஜன்னல் பக்கம் போய்விடுங்கள். சூரியன் துடிக்காது, 240 பிரேமும் எடுக்கலாம்.

60 பிரேமுக்கு இன்னொரு லாபம் உண்டு. பெயின்ட் மெதுவாகத் தெறிக்க வேண்டும், உதடு மட்டும் பாட்டோடு சரியாக அசைய வேண்டும் என்றால், பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுப் பாடச் சொல்லுங்கள். 60-இல் எடுத்து 30-இல் ஓட்டினால் உதடு சரியான வேகத்துக்கு வந்துவிடும், சுற்றி நடப்பதெல்லாம் பாதி வேகத்தில் மிதக்கும். ஆடாசிட்டி என்ற ஒலி எடிட்டிங் மென்பொருளில் 'சேஞ்ச் டெம்போ' 100 சதவீதம் என்று கொடுத்தால் சுருதி மாறாமல் வேகம் இரட்டிக்கும். முன்கூட்டியே பயிற்சி எடுக்கச் சொல்லுங்கள். இரட்டை வேகத்தில் சிரிக்காமல் பாடுவது லேசான காரியம் இல்லை.

கலை_உதவி எழுதியது:

தம்பி, நிறம் சேறானதற்குக் காரணம் நீங்கள் தேர்ந்தெடுத்த நிறங்கள். சிவப்பும் பச்சையும் கலந்தால் பழுப்பு, எல்லாம் கலந்தால் அதைவிட மோசம். கலந்தாலும் அழகாக இருக்கிற நிறங்களை மட்டும் வையுங்கள்: மஞ்சளும் இளஞ்சிவப்பும், அல்லது நீலமும் வெள்ளையும். உடை வெளிர் நிறம், பின்னணி இருட்டு. விளக்கை முன்னால் வைக்காமல் பின்பக்கத்திலோ பக்கவாட்டிலோ வையுங்கள். தெறிக்கும் துளி பின்னாலிருந்து ஒளி வாங்கினால்தான் மின்னும். முன்னாலிருந்து அடித்தால் சட்டையில் கறை மட்டும்தான் தெரியும்.

அதிகம் ஊற்றினால் அமர்க்களமாகத் தெரியும் என்று நினைப்பார்கள், ஆனால் திரையில் அப்படி இல்லை. சுத்தமான முகம் ஒன்று, அதில் விழும் முதல் கோடு ஒன்று. பார்ப்பவர் துள்ளுவது அங்கேதான். ஏற்கனவே நனைந்தவர் மேல் பத்தாவது வாளி ஊற்றினாலும் யாருக்கும் தெரியாது. அதனால் வரிசை இப்படி இருக்கட்டும்: முழுப் பாட்டுக்கும் தேவையான சுத்தமான ஷாட் எல்லாவற்றையும் முதலில் முடித்துவிடுங்கள். கடைசிப் பல்லவியைச் சுத்தமான உடையோடும் ஒருமுறை எடுத்துவைத்தால் எடிட்டிங்கில் கைகொடுக்கும். அடுத்து, 'பாதி அழுக்கு' ஷாட்கள். இதற்கு எறிய வேண்டாம், தூரிகையால் நீங்களே கன்னத்திலும் தோளிலும் வைத்துவிடுங்கள். ஒவ்வொருவரையும் முன்னும் பின்னும் போனில் படம் எடுத்துவையுங்கள், இல்லாவிட்டால் இடது கன்னத்துக் கறை அடுத்த ஷாட்டில் வலது கன்னத்துக்குப் போய்விடும். எறிதல் கடைசியில், மூன்று கருவியும் ஒரே நேரத்தில் ஓட. அது முடிந்ததும், காய்வதற்குள், எல்லோரும் சேர்ந்து நிற்கும் இறுதி ஷாட்.

எறிபவரையும் அடிபடுபவரையும் ஒரே ஷாட்டில் வைக்காதீர்கள். எறிபவரை எதிரே யாரும் இல்லாமல் தனியாக எடுங்கள், வேண்டிய தடவை எறியட்டும். அடிபடுவதைத் தனியாக எடுங்கள். கேமராவுக்குப் பக்கத்தில் நிற்கும் உதவியாளர் ஒருவர், ஒரு கப் அளவு, மார்புக்குக் குறிவைத்து வீசினால் போதும். மார்பு மட்டும் தெரிகிற ஷாட்டுக்கு அதே நிறச் சட்டை போட்ட யார் வேண்டுமானாலும் நிற்கலாம்.

வீசும் பசைக்கு: மக்காச்சோள மாவைத் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சி, முழுக்க ஆறவிட்டு, கழுவினால் போகிற போஸ்டர் வண்ணம் கொஞ்சம் சேருங்கள். வழிந்து ஓடாமல் சட்டையில் கட்டியாக நிற்கும். காய்ச்சாமல் கெட்டியாகக் கரைத்து வீசிவிடாதீர்கள். பச்சை மாவுக் கரைசல் மெதுவாகத் தொட்டால் குழம்பாக இருக்கும், வேகமாக மோதினால் இறுகிக் கல்லாகும். முகத்தில் பட்டால் உண்மையாகவே வலிக்கும். அன்றன்றைக்கே காய்ச்சுங்கள், வைத்திருந்தால் புளித்து நாறும். முந்தைய நாள் ஒவ்வொருவரின் முன்கையிலும் துளி தடவி அரிப்பு வருகிறதா என்று பாருங்கள். உடைக்கும் ஒரு மூலையில் அதே சோதனை.

ஆசிரியை_ஒருவர் எழுதியது:

மேலே பொடி யோசனை வந்திருக்கிறது, அதைக் கண்டிப்பாக விட்டுவிடுங்கள். காற்றில் மிதக்கும் நுண்ணிய மாவு எரியக்கூடியது. 2015 ஜூன் 27 அன்று தைவானில் ஒரு நீர்விளையாட்டுப் பூங்கா நிகழ்ச்சியில் தூவிய வண்ண மாவு தீப்பற்றி 15 பேர் இறந்தார்கள், ஏறத்தாழ 500 பேர் காயமடைந்தார்கள். மேடை விளக்கின் சூடுதான் பற்றவைத்தது என்று விசாரணையில் சொன்னார்கள். மூடிய மண்டபத்தில், விளக்குகளுக்கு நடுவில், மாணவர்களை வைத்துப் பொடி தூவுவதற்கு நான் அனுமதி தர மாட்டேன். ஆஸ்துமா உள்ள பிள்ளை ஒன்று இருந்தாலே போதும், அது வேறு.

கீழே வெறும் பிளாஸ்டிக் விரிப்பு போட்டால் பெயின்ட் பட்டதும் வழுக்கும். அதன் மேல் பழைய படுக்கை விரிப்புகளைப் போட்டு ஓரங்களை டேப்பால் ஒட்டுங்கள். மின்வயர் எதுவும் அந்தப் பகுதித் தரையில் கிடக்கக் கூடாது. முடிந்தால் பேட்டரி விளக்கு. வேறு எந்தப் பொறுப்பும் இல்லாமல் கவனித்துக்கொண்டே இருக்கப் பெரியவர் ஒருவர் வேண்டும். நிறுத்துவதற்கு 'நிறுத்து' என்ற கூச்சல் உதவாது, அந்தக் காட்சியே கூச்சல்தான். விசில் வையுங்கள். பெற்றோரின் எழுத்துச் சம்மதத்தில் 'பெயின்ட் படும்' என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

கடைசி_பெஞ்சு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கலை_உதவி அவர்களே, தம்பி இல்லை, தங்கை!

கான்ஸ்டன்ட் செய்ததும் உதடு ஒட்டிக்கொண்டது. பொடி கிடையாது என்று குழுவில் முடிவெடுத்துவிட்டோம். மஞ்சளும் இளஞ்சிவப்பும் வைத்துப் பழைய சட்டையில் வீசிப் பார்த்தோம், கலந்த இடம் ஆரஞ்சாகத்தான் வந்தது.

இரண்டு சந்தேகம். சட்டையில் வெளிர் கட்டியாகப் பசை விழும்போது போனில் படம் முழுவதும் ஒரு நொடி இருட்டாகி, ஃபோகஸும் துளியைத் தேடி ஓடுகிறது. அப்புறம், போனை எப்படிக் காப்பாற்றுவது? என் போன் இல்லை, அக்காவுடையது.

வெளிச்சம் எழுதியது:

திரையில் நடிகரின் முகத்தை விரலால் அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். பல போன்களில் திரையில் ஒரு பூட்டுக் குறியோ 'லாக்' என்ற சொல்லோ தோன்றும். அது தெரிந்த பிறகு எறியச் சொல்லுங்கள்.

போனைத் தெளிவான ஜிப் பையில் போட்டு, லென்ஸ் இருக்கும் இடத்தில் பை சுருக்கமில்லாமல் இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். 'தண்ணீர் புகாது' என்று போனில் எழுதியிருப்பது நல்ல தண்ணீருக்குத்தான், பெயின்டுக்கு அந்த உத்தரவாதம் இல்லை. கேமராவை இன்னும் தள்ளி வைத்து ஜூம் லென்ஸில் எடுங்கள். அக்காவின் போன் தூரத்து அகல ஷாட்டுக்குப் போகட்டும், நடுவில் வேண்டாம்.

கலை_உதவி எழுதியது:

மன்னிக்கவும் தங்கை. காய்ந்த பசை மங்கி வெடிப்புவிடும், ஷாட்டுக்கு முன் தண்ணீர் ஸ்ப்ரே ஒன்று அடித்தால் ஈரப் பளபளப்பு திரும்பும்.

துப்புரவுக்கு நடிக்காத இரண்டு பேரை இப்போதே பிடித்துவையுங்கள், நடித்தவர்கள் முடிந்ததும் தலை கழுவத்தான் ஓடுவார்கள். பசையை முதலில் அட்டையால் வழித்துக் குப்பைப் பையில் போடுங்கள். அதைத் தொட்டியில் ஊற்றினால் குழாய் அடைத்துக்கொள்ளும், அடுத்த ஆண்டு வருகிறவர்களுக்கு மண்டபம் கிடைக்காது. பிறகு குளிர்ந்த தண்ணீர். வேகாத மாவு எங்காவது ஒட்டியிருந்தால் சுடுதண்ணீர் அதை வேகவைத்துப் பிசினாக்கிவிடும். முடியில் படும் முன் கொஞ்சம் எண்ணெய் தடவியிருந்தால் சீக்கிரம் போகும்.

தாளக்கட்டு எழுதியது:

ஒன்று விட்டுப்போனது. துளிகள் பறக்கும் அந்தக் காட்சி கோப்பைச் சுருக்கும்போதுதான் உடையும். பிரேமுக்குப் பிரேம் எல்லாமே மாறுவதால் சுருக்கும் மென்பொருள் திணறி, படத்தைக் கட்டம் கட்டமாக்கிவிடும். ஏற்றுமதி செய்யும்போது பிட்ரேட்டை (ஒரு விநாடிக் காணொளிக்கு ஒதுக்கும் தரவின் அளவு) வழக்கத்தைவிட உயர்த்துங்கள். மெசேஜ் செயலி வழியாக அனுப்பாதீர்கள், அது மறுபடி சுருக்கும். ஒப்படைக்கும் கோப்பைப் பென்டிரைவில் நேராகக் கொடுங்கள்.

கடைசி_பெஞ்சு எழுதியது:

சரி, பிட்ரேட்டைக் குறித்துக்கொண்டேன். இரட்டை வேகப் பாட்டை இன்று குழுவுக்கு அனுப்பிவிட்டேன், ஒருவரும் இரண்டாவது வரியைத் தாண்டவில்லை.