மில்வாக்கி: ஆலையைத் தொடங்கியது பாப்ஸ்ட் இல்லை!

பழைய பீப்பாய்:
கோமேதகம் நேற்று இப்படி எழுதியிருக்கிறார்: "வெறுங்கையோடு ஜெர்மனியிலிருந்து வந்த ஃபிரெடரிக் பாப்ஸ்ட், ஒரு பீர் ஆலையைத் தொடங்கி அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்தையே உருவாக்கினார்." படித்ததும் எரிச்சல்தான் வந்தது. ஆலையைத் தொடங்கியவர் ஜேக்கப் பெஸ்ட். ரைன் பக்கத்து மெட்டன்ஹைமிலிருந்து வந்து, 1844-ல் மகன்களோடு சேர்ந்து தொடங்கினார். அப்போது பாப்ஸ்டுக்கு எட்டு வயது, அமெரிக்காவுக்கே வரவில்லை. பெஸ்டின் பேத்தி மரியாவை 1862-ல் கட்டிக்கொண்டு உள்ளே வந்த மாப்பிள்ளை அவர்.

கோமேதகம்:
மாப்பிள்ளை என்றால் அவ்வளவு இளப்பமா சார்? அவர் மிஷிகன் ஏரியில் கப்பல் கேப்டன். 1863 குளிர்காலப் புயலில் 'சீ பேர்ட்' கப்பல் மாட்டியபோது ஒயிட்ஃபிஷ் பே கரையில் ஏற்றி நிறுத்தியவர். அடுத்த வருஷம் மாமனார் ஃபிலிப் பெஸ்டோடு ஆலையில் பங்குதாரர். அதற்குப் பிறகு பத்து வருஷத்தில் அது நாட்டின் மிகப் பெரிய பீர் ஆலை. 1895-ல் ஜெர்மன் நாடக அரங்கு எரிந்துபோனதும் அதே இடத்தில் அதே ஆண்டில் பாப்ஸ்ட் தியேட்டரைக் கட்டித் திறந்தார். இன்றும் அங்கே நிகழ்ச்சி நடக்கிறது. பெஸ்ட் என்ன கட்டினார், சொல்லுங்கள்.

பழைய பீப்பாய்:
ஆலையைக் கட்டினார். 1844-ல். அது இல்லாமல் தியேட்டருக்குக் காசு எங்கிருந்து வரும்?

மாலினி:
இரண்டு பேரும் மில்வாக்கியின் இன்னொரு பீர் ஆலையான ஷ்லிட்ஸை விட்டுவிட்டீர்கள். 1871-ல் சிகாகோ பற்றி எரிந்தபோது அங்கே பீர் அனுப்பி, 'மில்வாக்கியைப் புகழ்பெறச் செய்த பீர்' என்று பெயர் வாங்கியது ஷ்லிட்ஸ்தான். பாப்ஸ்ட் இல்லை.

பழைய பீப்பாய்:
அதையும் ஷ்லிட்ஸ் தொடங்கவில்லை அம்மா. 1849-ல் தொடங்கியவர் ஆகஸ்ட் க்ரூக். ஷ்லிட்ஸ் அங்கே கணக்கெழுதியவர், முதலாளி இறந்த பிறகு அவர் மனைவியைக் கட்டிக்கொண்டவர். தொடங்கியவன் பெயரை அழித்துவிட்டுப் பின்னால் வந்தவன் பெயரை எழுதுவது அந்த ஊர்ப் பழக்கம் போலிருக்கிறது.

கோமேதகம்:
போன மாதம் ஷ்லிட்ஸ் இழையில் என் பதிவைப் புகார் செய்து நீக்க வைத்ததை நான் மறக்கவில்லை. இங்கேயும் அதே வேலை. 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் நீல ரிப்பன் பரிசு வாங்கியது பாப்ஸ்ட் காலத்தில்தானே?

பழைய பீப்பாய்:
அங்கே யாருக்கும் நீல ரிப்பன் கொடுக்கவில்லை! கொடுத்தது வெண்கலப் பதக்கம். பாட்டில் கழுத்தில் நீலப் பட்டு ரிப்பன் கட்டுவது 1882-லேயே ஆரம்பித்தாயிற்று. அந்தப் பரிசு முடிவை எதிர்த்துச் செயின்ட் லூயிஸ் பீர் ஆலை முதலாளி அடோல்ஃபஸ் புஷ் விடாமல் சண்டை போட்டார். பதக்கத்தையும் ரிப்பனையும் குழப்புகிற நீங்கள் சரித்திரம் எழுதாதீர்கள்.

தோல்பதனி:
மாமனார், மாப்பிள்ளை, ரிப்பன்... வேலை செய்தவன் எங்கே தோழர்களே? 1850-ல் ஊரில் இருபதாயிரம் பேர், 1890-ல் இரண்டு லட்சம். அத்தனை பேரும் பீரை நம்பியா வந்தார்கள்? கோதுமைத் துறைமுகம், தோல் பதனிடும் ஆலைகள், ஆலிஸ் எந்திரத் தொழிற்சாலை எல்லாம் இருந்தன. 1886 மே 5 அன்று, எட்டு மணி நேர வேலை கேட்டு பே வியூ உருக்காலைக்கு ஊர்வலமாகப் போனவர்களை ஆளுநர் ரஸ்க்கின் படை சுட்டது. பீர் ஆலைத் தொழிலாளர்களும் அந்த வாரம் வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். 1996-ல் பாப்ஸ்ட் ஆலையை மூடி, ஓய்வு பெற்றவர்களின் மருத்துவச் சலுகையிலும் கை வைத்தார்கள். இதுதான் நீங்கள் கொண்டாடும் குடும்பம்.

கோமேதகம்:
1996-ல் குடும்பம் எங்கே இருந்தது? 1985-லேயே கம்பெனி கல்மனோவிட்ஸ் என்ற தொழிலதிபர் கைக்குப் போய்விட்டது. தெரியாமல் பேசாதீர்கள்.

தோல்பதனி:
1886-ல் இருந்தார்களே? அதற்குப் பதில் சொல்லுங்கள்.

பழைய பீப்பாய்:
1886-ல் ஆலையின் பெயரே 'ஃபிலிப் பெஸ்ட் பிரூயிங் கம்பெனி'தான்! 1889-ல்தான் பாப்ஸ்ட் என்று மாற்றினார்கள். இன்னொரு மாப்பிள்ளை எமில் ஷாண்டைன் இறந்த அடுத்த வருஷம். கோமேதகம் தன் பதிவில் 'தொடங்கி' என்பதைத் திருத்தும்வரை நான் இந்த இழையை விடப்போவதில்லை.

கோமேதகம்:
திருத்த மாட்டேன். தியேட்டர் வாசலில் யார் பெயர் இருக்கிறது என்று போய்ப் பாருங்கள்.

பழைய பீப்பாய்:
1844. ஜேக்கப் பெஸ்ட்.