அலிகரிக்குத் தமிழில் என்ன? பிறிதுமொழிதலா, உள்ளுறையா, வேறொன்றா?

மடல் 1: இழையைத் தொடங்கியவர்

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

கிறித்தவர்கள் தங்கள் மறைநூலுக்குப் பொருள் கண்ட முறை நூற்றாண்டுதோறும் எப்படி மாறியது என்று ஒரு நூல் எழுதிக்கொண்டிருக்கிறேன். மூன்றாம் நூற்றாண்டிலேயே முட்டி நிற்கிறேன். காரணம் வரலாறு அல்ல, சொல். ‘அலிகரி’ (allegory) என்பதற்கு அகராதிகள் உருவகம், உருவகக் கதை, உள்ளுறை, மறைபொருள் என்று நான்கைந்து தருகின்றன. உருவகம் என்று வைத்துவிட்டால் ‘மெட்டஃபர்’ வரும்போது கையைப் பிசைய வேண்டும்.

எனக்குச் சொல் எதற்கு வேண்டும் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் காட்டுகிறேன். நல்ல சமாரியன் கதை எல்லோருக்கும் தெரியும். எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போகிற ஒருவனைக் கள்வர் அடித்துப் போடுகிறார்கள். குருவும் கோயில் பணியாளனான லேவியனும் கண்டும் விலகிப் போகிறார்கள். சமாரியன் ஒருவன் காயம் கட்டி, தன் விலங்கின்மேல் ஏற்றி, சத்திரத்தில் சேர்த்து, இரண்டு தெனாரியம் கொடுத்துவிட்டுப் போகிறான். மூன்றாம் நூற்றாண்டு இறையியலாளர் ஓரிஜென் தமக்கு முன்னிருந்த ஒரு மூப்பர் சொன்னதாக இதற்குப் பொருள் தருகிறார்: அடிபட்டவன் ஆதாம், எருசலேம் பரதீசு, எரிகோ இவ்வுலகம், குரு திருச்சட்டம், லேவியன் இறைவாக்கினர், சமாரியன் கிறிஸ்து, சத்திரம் திருச்சபை, இரண்டு காசு தந்தையும் மகனும். சுமார் நூற்றைம்பது ஆண்டு கழித்து அகுஸ்தீனும் இதே சட்டகத்தை எடுத்துக்கொள்கிறார். ஆனால் அவரிடம் சத்திரக்காரர் பவுல் ஆகிவிடுகிறார்; இரண்டு காசு இரண்டு அன்புக் கட்டளைகள் ஆகிவிடுகிறது.

இந்தச் செயலுக்குத்தான் எனக்குப் பெயர் வேண்டும். கூடவே, முன்னே நடந்த ஒன்றைப் பின்னே வரவிருப்பதன் அடையாளமாகப் படிக்கும் ‘டைப்பாலஜி’க்கும்.

மடல் 2: இலக்கணம் கற்பிப்பவர்

ஐயா,

உள்ளுறையை முதலில் தள்ளிவிடுங்கள். உள்ளுறை உவமம் ஒரு நிலத்துக்குரிய தெய்வம், விலங்கு, மரம் போன்ற கருப்பொருளை நிலைக்களமாகக் கொள்வது. அதிலும் ‘உள்ளுறை தெய்வம் ஒழிந்ததை நிலமெனக் கொள்ளும்’ என்பது தொல்காப்பியம். தெய்வத்தை விலக்கிவிட்டு எஞ்சிய கருப்பொருளில்தான் உள்ளுறை அமையும். மறைநூல் விளக்கத்துக்கு இந்தப் பெயரைச் சூட்டினால் தொல்காப்பியரே எழுந்து வந்து கேட்பார்.

உங்களுக்கு வேண்டிய சொல் நம்மிடமே இருக்கிறது. பிறிதுமொழிதல். ‘பீலிபெய் சாகாடும் அச்சிறும்’ என்ற குறளில் வண்டியையும் மயிலிறகையும் பற்றி மட்டுமே பேச்சு. பகைவர் பலர் சேர்ந்தால் வலியவனும் வீழ்வான் என்ற கருத்து சொல்லப்படவில்லை, பெறப்படுகிறது. தண்டியலங்காரம் இதை ஒட்டணி என்கிறது. கிரேக்க ‘அல்லிகோரியா’வைப் பிரித்தால் ‘பிறிது’, ‘பேசுதல்’ என்றுதான் வருகிறதாம். எழுத்துக்கு எழுத்து பிறிதுமொழிதல். இதற்குமேல் விவாதம் எதற்கு?

மடல் 3: இறையியல் ஆசிரியை

ஐயா, வேர்ச்சொல் பொருத்தத்தில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் ஒரு கேள்வி: பிறிதுமொழிதலில் பிறிதை மொழிபவர் யார்?

வள்ளுவர். மறைத்தவரும் அவர், நாம் கண்டுபிடிக்க வேண்டுமென்று எண்ணியவரும் அவர். சமாரியன் கதையில் அப்படி இல்லை. ‘எனக்கு அயலான் யார்’ என்று ஒருவர் கேட்க, இயேசு அந்தக் கதையைச் சொல்லி, ‘நீயும் போய் அப்படியே செய்’ என்று முடிக்கிறார். ஆதாமும் திருச்சபையும் அங்கே கிடையாது. அவற்றைக் கொண்டுவருபவர் வாசிப்பவர். ஆக, ஒரே அயற்சொல்லுக்குள் இரண்டு செயல்கள் இருக்கின்றன. புலவர் ஒன்றை மறைத்துச் சொல்வது ஒன்று. சொன்னவர் மறைத்தாரோ இல்லையோ, வாசகர் வேறொன்றை எடுப்பது மற்றொன்று. கிறித்தவ விளக்க வரலாற்றின் சண்டைகளில் பெரும்பாதி இந்த இரண்டையும் பற்றியதுதான்.

இந்த வாசிப்பு கிறித்தவர்கள் தொடங்கியதும் அல்ல. ஹோமரின் தெய்வங்கள் ஒன்றையொன்று ஏமாற்றிச் சண்டையிடுவதைக் கண்டு நாணிய கிரேக்கர்கள், அவற்றை இயற்கை ஆற்றல்களாகப் படித்தார்கள். அதற்கு அவர்களிடம் ‘ஹைபோனோயா’ என்ற பழைய சொல் இருந்தது. அடியில் கிடக்கும் கருத்து என்று பொருள். அலெக்சாந்திரியாவின் யூத அறிஞர் பிலோ இதே கருவியை மோசேயின் நூல்களுக்குப் பயன்படுத்தினார். ஓரிஜென் அதே நகரத்தில் வளர்ந்தவர். மறைநூலுக்கு உடல், ஆன்மா, ஆவி என மூன்று தளங்கள் உண்டு என்றார். அவருடைய வாதம் கூர்மையானது: கதிரவன் படைக்கப்படும் முன்பே மாலையும் காலையும் எப்படி வந்தன? கடவுள் தோட்டத்தில் உலாவினார் என்பதை அப்படியே கொள்வதா? இந்த இடறல்கள் நம்மை மேலே தேடவைப்பதற்காகவே வைக்கப்பட்டவை என்றார்.

அந்தியோக்கியா நகரத்து விளக்கவுரையாளர்கள் இதை ஏற்கவில்லை. அவர்களுள் ஒருவரான, 428-இல் மறைந்த மொப்சுவெஸ்தியா ஆயர் தியோடோர், கலாத்தியர் மடலுக்கு எழுதிய விளக்கத்தில் பொரிந்து தள்ளுகிறார். ஆபிரகாமுக்குப் பிள்ளை பெற்ற ஆகாரையும் சாராளையும் பவுல் இரண்டு உடன்படிக்கைகளாகக் காட்டி, ‘அல்லிகோரியா’வின் வினைவடிவத்தைப் பயன்படுத்துகிறார். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு நடந்த வரலாற்றையே கனவாக்குகிறார்களே என்பது தியோடோரின் கோபம். பவுல் நிகழ்வை அழிக்கவில்லை, நிகழ்ந்ததன் மேல் நின்று ஒப்பிட்டார் என்கிறார் அவர். நம் பழைய விவிலிய மொழிபெயர்ப்பு அந்த இடத்தில் ‘ஞானார்த்தமுள்ளவைகள்’ என்று போட்டு, சண்டையிலிருந்து நைசாக ஒதுங்கிக்கொண்டது!

எனவே என் முன்மொழிவு: எழுதுபவர் செய்வது பிறிதுமொழிதல். வாசிப்பவர் செய்வது பிறிதுபொருள்கோள்.

மடல் 4: இலக்கணம் கற்பிப்பவர்

அம்மையீர், பொருள்கோள் என்பது செய்யுளில் சொற்களைக் கூட்டிப் பொருள்கொள்ளும் முறை. யாற்றுநீர், மொழிமாற்று, நிரல்நிறை என்று நன்னூல் எட்டு வகை சொல்கிறது. அதை எடுத்து இறையியலுக்கு ஒட்டவைப்பது எனக்கு உவப்பாக இல்லை.

இப்படி எழுதிவிட்டு, அனுப்பாமல் ஒரு நாள் வைத்திருந்தேன். அந்த எட்டில் ஒன்றான கொண்டுகூட்டு நினைவுக்கு வந்தது. எங்கோ கிடக்கும் சொல்லை வாசிப்பவர்தான் கொண்டுவந்து கூட்டுகிறார். ‘கோள்’ என்பதே கொள்வது. கொள்பவர் இல்லாமல் கோள் இல்லை. நீங்கள் அழுத்த விரும்பும் இடத்தை இந்தச் சொல் சரியாகத் தொடுகிறது. என் மறுப்பைத் திரும்பப் பெறுகிறேன். மனமில்லாமல்தான்.

மடல் 5: புதியவர்

வணக்கம். இழையை ஆரம்பத்திலிருந்து படித்து வருகிறேன். டைப்பாலஜிக்கு ஏன் இத்தனை தயக்கம்? ‘டைப்போஸ்’ என்பது அடித்துப் பதித்த தடம். அச்சு என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்னது அச்சு, பின்னது வார்ப்பு. நோவாவின் வெள்ளம் அச்சு, திருமுழுக்கு வார்ப்பு. முடிந்தது.

மடல் 6: இறையியல் ஆசிரியை

முடியவில்லை, நண்பரே. அழகான இணை என்பதால்தான் அஞ்சுகிறேன்.

அச்சுதான் மூலம், வார்ப்பு அதன் நகல் என்றுதான் தமிழர் காதில் விழும். டைப்பாலஜியில் நிலை நேர்மாறு. முன்னே வந்தது நிழல், பின்னே வந்தது பொருள். கிரேக்கமே இதில் தடுமாறுகிறது. எபிரேயர் மடலில் மோசேக்கு மலையில் காட்டப்பட்ட விண்ணக மாதிரிதான் ‘டைப்போஸ்’. மண்ணில் எழுந்த கூடாரம் அதன் நகல். பேதுருவின் மடலில் முறை மாறி, பின்னர் வந்த திருமுழுக்கு ‘ஆன்டிடைப்போஸ்’ ஆகிறது. அந்த இடத்தில் நம் பழைய மொழிபெயர்ப்பு ‘அதற்கு ஒப்பனையான ஞானஸ்நானமானது’ என்கிறது. ஒப்புமை என்ற நல்ல பழைய பொருள். இன்றைய வாசகருக்கோ முகப்பூச்சும் மையும் நினைவுக்கு வரும். ஒரு கலைச்சொல் எப்படிச் சாகிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

இன்னொரு தயக்கமும் உண்டு. இரண்டாம் நூற்றாண்டில் சர்தை நகர ஆயர் மெலித்தோ, எகிப்திலிருந்து விடுதலை பெற்றதை நினைவுகூரும் பாஸ்கா விழாவைப் பற்றி ஆற்றிய உரையில், ‘டைப்போஸ்’ என்பதைச் சிற்பி முதலில் மெழுகிலோ களிமண்ணிலோ மரத்திலோ செய்துபார்க்கும் மாதிரிக்கு ஒப்பிடுகிறார். உண்மையான சிலை எழுந்தபின் மாதிரிக்கு மதிப்பில்லை, அது கலைக்கப்படும். உவமை என்ற அளவில் துல்லியமானது. அதன் விளைவோ கொடியது. கலைக்கப்படும் மாதிரி என்று அவர் சொல்வது இஸ்ரயேல் மக்களின் பாஸ்காவை. அச்சு, வார்ப்பு, மாதிரி என எந்தத் தொழிற்கூடச் சொல்லை எடுத்தாலும், வேலை முடிந்ததும் மூலையில் எறியும் பொருள் என்ற நிழல் ஒட்டிக்கொண்டே வரும். யூதர்களின் வாசிப்பும் செல்லுபடியாகும் ஒரு வாசிப்பே என்று கத்தோலிக்கத் திருச்சபையின் விவிலிய ஆணைக்குழு 2001-இல் எழுதியது. அதுவரை எத்தனை நூற்றாண்டு!

ரோமர் மடலில் ஆதாமுக்கு நம் மொழிபெயர்ப்பு போட்ட ‘முன்னடையாளம்’ போதும். பின்னதற்கு ‘நிறைவேற்றம்’. முறைக்கு ‘முன்னடையாள நோக்கு’. புதிதாக எதுவும் படைக்க வேண்டாம்.

மடல் 7: இழையைத் தொடங்கியவர்

இரண்டு சொற்களையும் வைத்துக்கொண்டு என் கைப்பிரதியை நூற்றாண்டு நூற்றாண்டாக நடத்திப் பார்த்தேன். எங்கே பொருந்துகிறது, எங்கே கடிக்கிறது என்று சொல்கிறேன்.

முதற்கடி: பழைய ஆசிரியர்கள் இந்த இரண்டையும் நம்மைப்போல் பிரிக்கவில்லை. பவுல் ‘அலிகரி’ என்று சொன்னதை இன்றைய அறிஞர் பலர் டைப்பாலஜி என்பார்கள். டைப்பாலஜி என்ற பெயரே பிற்காலத்தது. இரண்டுக்கும் இடையே கெட்டியாகச் சுவர் எழுப்பியது 20-ஆம் நூற்றாண்டு. ஆகவே அவர்களுடைய வரிகளை மொழிபெயர்க்கும்போது அவர்கள் சொன்ன சொல்லுக்குரிய தமிழையே போடுவேன். நம் பிரிவினை என் விளக்கத்தில் மட்டும் வரும்.

13-ஆம் நூற்றாண்டு இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸிடம் வரும்போது ஓர் இன்ப அதிர்ச்சி. சொற்கள் பொருள்களைச் சுட்டும். மறைநூலில் மட்டும் அந்தப் பொருள்களே வேறு பொருள்களைச் சுட்டும். முதலாவதை மனிதரும் செய்வர், இரண்டாவதைக் கடவுள் ஒருவரே செய்ய வல்லவர் என்கிறார். அவர் எழுதிய இலத்தீனில் பண்டத்துக்கு ஒரு சொல், அர்த்தத்துக்கு வேறொரு சொல். தமிழில் இரண்டுக்கும் ‘பொருள்’. அவர் ஒரு பக்கம் முழுக்க விளக்கியதை நம் மொழி ஒரே சொல்லுக்குள் வைத்திருக்கிறது. எழுதும்போது இதுவே தொல்லை. எந்தப் ‘பொருள்’ என்று ஒவ்வொரு முறையும் அடைமொழி போடவேண்டியிருக்கிறது.

அவரிடம் இன்னொரு பாடம். ‘லிட்டரல்’ என்பதற்கு நான் ‘நேர்ப்பொருள்’ என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். கடவுளின் கரம் என்று வந்தால், அதன் ‘லிட்டரல்’ பொருள் கை அல்ல, ஆற்றல் என்கிறார் அக்குவினாஸ். ஆசிரியர் கருதியது எதுவோ அதுவே அது. உருவகமும் அதற்குள் அடங்கும். ‘சொற்பொருள்’ என்று மாற்றியிருக்கிறேன். வாதத்துக்கு ஆதாரமாக இந்தப் பொருளை மட்டுமே எடுக்கலாம் என்றும் அவர் வரம்பு கட்டினார். சீர்திருத்தக்காரர்கள் பின்னால் எழுப்பிய கட்டடத்துக்கு இங்கேயே ஒரு கல் கிடக்கிறது.

16-ஆம் நூற்றாண்டில் ஆசிரியை அம்மாவின் சொல் தன் முழு வலிமையையும் காட்டியது. லூத்தர் 1513-இல் திருப்பாடல்கள் பற்றிப் பாடம் சொல்லத் தொடங்கியபோது, ஒரே வரிக்கு நான்கு பொருள் காணும் இடைக்கால முறையைத்தான் பின்பற்றினார். பிறகு அதையே ஏளனம் செய்தார். இன்னொரு சீர்திருத்தக்காரரான கால்வினுக்குச் சமாரியன் கதையின் பழைய விளக்கத்தைக் கண்டாலே எரிச்சல். குற்றுயிராய்க் கிடந்தவனைக் காட்டி, மனித விருப்பம் முழுவதும் சாகவில்லை என்று வாதிட்டவர்களை அவர் விட்டுவைக்கவில்லை. அவர் குற்றம் சாட்டுவது கதை சொன்னவரை அல்ல, வேறு பொருள் கொண்டவரை. ‘பிறிதுமொழிதலைக் கால்வின் எதிர்த்தார்’ என்று எழுதினால் இயேசுவையே எதிர்த்ததாகிவிடும். ‘பிறிதுபொருள்கோளை எதிர்த்தார்’ என்றால் நேராக நிற்கிறது.

அதன்பின் வரும் வரலாற்றாய்வுக் காலத்தில் கேள்வியே மாறிவிடுகிறது. 1678-இல் ரிச்சர்ட் சைமன், 1753-இல் அஸ்திரக், 1878-இல் வெல்ஹவுசன் என்று போகும் விவிலிய ஆய்வாளர் வரிசையில், இந்த வரி எதைக் குறிக்கிறது என்பதைவிட இதை யார், எப்போது, எந்த மூலங்களிலிருந்து தொகுத்தார் என்பதே பேச்சு. உவமைகளுக்கு ஒரே ஒரு மையக் கருத்துத்தான், அவை அலிகரிகளே அல்ல என்று செருமானிய அறிஞர் யூலிக்கர் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அடித்துச் சொன்னார். அவர் எதை மறுத்தார் என்று எழுதும்போது எனக்கு இரண்டு சொற்களும் ஒரே வரியில் தேவைப்பட்டன: இயேசு பிறிதுமொழியவும் இல்லை, ஆகவே நாம் பிறிதுபொருள் கொள்ளவும் கூடாது. இந்த வரி வந்தபோதுதான் சொல் நின்றுவிட்டது என்று நம்பினேன்.

மீதமிருப்பது ஒன்று. இடைக்காலத்தின் நான்கு பொருள்களை இலத்தீனில் இரண்டு வரியில் மனப்பாடம் செய்வார்கள். என் முயற்சி இது. தளை பார்க்க வேண்டாம், இது வெண்பா அல்ல:

நடந்தது சொல்லும் சொற்பொருள்; நம்புவது சொல்லும் பிறிதுபொருள்;
செய்வது சொல்லும் ஒழுக்கப்பொருள். சேர்விடம் சொல்லும் ______.

நான்காவதன் பெயர் ‘அனகோகே’. மேலே இட்டுச்செல்வது என்று பொருள். இறுதியில் மனிதர் எங்கே போய்ச் சேர்கிறார் என்பதைக் காட்டுவது.

மடல் 8: இலக்கணம் கற்பிப்பவர்

அறம், பொருள், இன்பம், வீடு. வீட்டுப்பொருள்.

மடல் 9: புதியவர்

ஐயா, மன்னிக்க வேண்டும். வீட்டுப்பொருள் என்றால் கட்டிலும் நாற்காலியும்தான் கண்முன் வருகின்றன.

மடல் 10: இலக்கணம் கற்பிப்பவர்

வந்துவிட்டது, எனக்கும். இனி அந்தச் சொல்லை வீட்டைப் பார்க்காமல் படிக்க முடியாது. கெடுத்துவிட்டீர்கள்.

‘கதி’ எப்படி? செல்லுதலும் அதுவே, சென்று அடையும் நிலையும் அதுவே. கதிப்பொருள்.

மடல் 11: இழையைத் தொடங்கியவர்

கதிப்பொருள் பொருந்துகிறது. ஐந்தாம் நூற்றாண்டில் யோவான் காசியன் என்ற துறவி எருசலேம் என்ற ஒரே சொல்லை வைத்து நான்கையும் விளக்கிய இடத்தில் போட்டுப் பார்த்தேன். இப்படி வந்திருக்கிறது, குறை இருந்தால் சொல்லுங்கள்:

‘எருசலேம் சொற்பொருளில் யூதரின் நகரம், பிறிதுபொருளில் கிறிஸ்துவின் திருச்சபை, ஒழுக்கப்பொருளில் மனித ஆன்மா, கதிப்பொருளில் விண்ணகத்தில் உள்ள கடவுளின் நகரம்.’