வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷத்துல "நமக்கு இது சரிப்படாது"ங்கிற பயம் – கண்ணால பார்த்ததைப் போடுங்க

செந்தூல்_எம்ஓ

டேக்கிங்ல (புதுசா சேர்ந்ததும் சீனியர் கூடவே இருந்து கத்துக்கிற கட்டம்) இருந்த ஒரு எச்.ஓ. (ஹவுஸ் ஆபீசர், பயிற்சி டாக்டர்) தம்பி. காலை ரவுண்டு. பொட்டாசியம் எவ்ளோன்னு ஸ்பெஷலிஸ்ட் கேட்டாங்க. "6.3 டாக்டர்." அது அதிகம், இதயத்தைப் பாதிக்கலாம். இசிஜி? எடுக்கல. ரத்தம் யார் எடுத்தது? "நான்தான் டாக்டர்." அதோட ரவுண்டு அடுத்த கட்டிலுக்குப் போயிடுச்சு. தம்பி மட்டும் நாலா மடிச்ச பேப்பரோட அங்கேயே நின்னான்.

ரிப்போர்ட்டுக்குக் கீழ "ஹீமோலைஸ்ட்"னு (சாம்பிள்ல சிவப்பணு உடைஞ்சிருக்கு) லேப் எழுதியிருந்துச்சு. அதை யாரும் அவனுக்குக் காட்டல. மறுபடி எடுத்த சாம்பிள் நார்மல். அதையும் யாரும் சொல்லல. சாயங்காலம் ராஜினாமாக் கடிதம் எப்படி எழுதறதுன்னு சக எச்.ஓ.கிட்ட விசாரிச்சிக்கிட்டு இருந்திருக்கான்.

எச்.ஓ.க்களுக்கு, இது ஏன் நடக்குதுன்னு தெரிஞ்சுக்குங்க. சின்ன நரம்புல மெல்லிய ஊசி போட்டு பெரிய சிரிஞ்சால வேகமா இழுத்தா சிவப்பணு உடையும். அப்புறம் ஊசியோடயே டியூப் மூடியில குத்தி அழுத்தித் தள்ளினா இன்னும் உடையும். அணுவுக்குள்ள இருக்கிற பொட்டாசியம் வெளிய வந்து நம்பர் ஏறிடும். டூர்னிகேயை (கையில கட்டற பட்டை) ரொம்ப நேரம் கட்டி வச்சு, நோயாளியை கையை மூடி மூடித் திறக்கச் சொன்னாலும் ஏறும். இன்னொன்னு: பியூஸ் (யூரியா, பொட்டாசியம் மாதிரி உப்பு பார்க்கிற டெஸ்ட்) டியூப்புக்கு ரத்தம் பத்தலைன்னு ஊதா மூடி டியூப்புல இருந்து ஊத்தறது. தயவுசெஞ்சு வேணாம். ஊதா டியூப்புல இருக்கிறது பொட்டாசியம் உப்பு, கால்சியத்தையும் பிடிச்சு வச்சுக்கும். ரிப்போர்ட்ல பொட்டாசியம் கன்னாபின்னான்னு மேல, கால்சியம் பாதாளத்துல இருந்தா முதல்ல இதைத்தான் சந்தேகப்படணும்.

ஆனா ஹீமோலைஸ்டா இருக்கும்னு நீங்களா முடிவு பண்ணிட்டு உக்காராதீங்க. உடனே இசிஜி, எம்.ஓ.க்குப் (மெடிக்கல் ஆபீசர்) போன், மறு சாம்பிள். இசிஜி மாறியிருந்தா மறு ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கக் கூடாது. லிட்டிக் காக்டெயில் (பொட்டாசியத்தை இறக்கிற அவசர மருந்துக் கலவை) ஓடணும்.

அந்தத் தம்பிக்குத் திறமை பத்தலைன்னு எனக்குத் தோணல. என்ன நடந்துச்சுங்கிற தகவல்தான் அவனுக்குப் போய்ச் சேரல. அந்தக் காலி இடத்தை அவன் மனசு "நான் லாயக்கில்லை"ன்னு நிரப்பிக்கிச்சு. நீங்க பார்த்தது என்ன?

கூச்சாய்லாமா_கணக்கு

ஆடிட் பக்கம் இதேதான். டிசம்பர்ல வருஷம் முடியிற பட்டியல் கம்பெனின்னா 4 மாசத்துக்குள்ள ஆண்டறிக்கை பூர்சாவுக்கு (பங்குச் சந்தை) போகணும். அதனால ஜனவரியில இருந்து ஏப்ரல் வரைக்கும் ஆபீஸ்ல யாருக்கும் எதையும் விளக்க நேரம் இருக்காது.

முதல் வருஷ அசோசியேட் ஒரு பொண்ணு. ஃபைலைத் திறந்ததும் ரிவ்யூ பாயிண்ட் (சீனியர் ஃபைலைப் பார்த்து எழுதற கேள்வி, குறை) 41. எண்ணிக்கையைப் பார்த்த உடனே லேப்டாப்பை மூடிட்டு பாத்ரூம் போனவ அரை மணி நேரம் கழிச்சுத்தான் திரும்பி வந்தா. உள்ள என்ன எழுதியிருக்குன்னு படிக்கவே இல்ல.

அப்புறம் உக்காந்து பிரிச்சுப் பார்த்தா: பாதிக்கு மேல "எந்த இன்வாய்ஸ் பார்த்த, நம்பர் போடு", "சாம்பிளை எப்படித் தேர்ந்தெடுத்த", "முடிவு எங்க?" ரகம். வேலையைச் செஞ்சிருக்கா, எழுதலை. ஐ.எஸ்.ஏ. 230 (ஆடிட் வேலையை எழுதி வைக்கிறது பத்தின சர்வதேசத் தரம்) கேக்கிறதே அதுதான்: இந்த ஆடிட்டோட எந்தச் சம்பந்தமும் இல்லாத ஒரு அனுபவசாலி ஆடிட்டர் ஃபைலைத் திறந்தா, என்ன செஞ்சீங்க, என்ன கிடைச்சுது, என்ன முடிவுக்கு வந்தீங்கன்னு அவருக்குப் புரியணும். சில பாயிண்ட் உண்மையான தப்பு, கட்ஆஃப்ல (எது எந்த வருஷக் கணக்குன்னு பிரிக்கிறது) ஜனவரி டெலிவரி ஆர்டரை டிசம்பர் விற்பனையில விட்டது மாதிரி. ரெண்டு மூணு, சீனியருக்கே பதில் தெரியாம கேட்டது.

அதனால பாயிண்ட் வந்ததும் பக்கத்துல ஒரு எழுத்து போடுங்க. எ – எழுதலை, த – தப்பு, யோ – யோசிக்க வேண்டியது. 'எ' எல்லாத்தையும் அன்னிக்கே முடிச்சிடலாம். 'த' மட்டும்தான் உங்க பாடம். அடுத்த வேலைல அதே 'த' திரும்ப வருதான்னு பாருங்க. மொத்த எண்ணிக்கை எதையும் காட்டாது, கறாரான சீனியர் கிடைச்சா நல்ல ஃபைல்லயும் 60 வரும்.

லெப்பாஸ்_லைன்3

பினாங்கு சிப் ஃபேக்டரில இருந்து. நான் பார்த்தது வேற மாதிரி. பயம் வந்தா எல்லாரும் அழ மாட்டாங்க, சிலர் பொய் சொல்லுவாங்க.

காலை ஈல்ட் மீட்டிங் (எத்தனை யூனிட் நல்லா வந்துச்சுன்னு பார்க்கிறது). புது ப்ராசஸ் இன்ஜினியர். நைட் ஷிஃப்ட்ல வயர் பாண்ட்ல (சிப்பை மெல்லிய கம்பியால இணைக்கிற கட்டம்) ரிஜெக்ட் ஏறியிருக்கு. மேனேஜர் "ரூட் காஸ் (மூல காரணம்) என்ன?"ன்னார். அவனுக்குத் தெரியாது, 8 மணி நேரத்துல யாருக்கும் தெரியாது. ஆனா தெரியலைன்னா தன் வேஷம் கலைஞ்சிடும்னு நெனச்சிட்டான் போல. "ஆப்பரேட்டர் எரர்"னு சொல்லிட்டான். ஷிஃப்ட் ஒப்படைக்க வந்த ஆப்பரேட்டர் அக்கா பின்னாடிதான் நின்னாங்க. 20 வருஷ சர்வீஸ். ஒண்ணும் பேசல, கையைக் கட்டிக்கிட்டு அவனையே பார்த்தாங்க. அந்தப் பார்வைதான் எனக்கு இன்னும் போகல. கடைசில பார்த்தா, கேப்பிலரி (கம்பியை ஒட்ட வைக்கிற கருவியோட நுனி) மாத்த வேண்டிய எண்ணிக்கையைத் தாண்டி ஓடியிருக்கு.

8டி-யை (பிரச்சினையைத் தீர்க்கிற 8 படி முறை) புரிஞ்சுக்கிட்டா இந்தப் பயம் பாதி போயிடும். டி3 கண்டெய்ன்மென்ட் (கெட்டது வெளிய போகாம நிறுத்தறது), டி4 ரூட் காஸ். ரெண்டையும் தனித்தனியா வச்சதே முதல் நாள் காரணம் தெரியாதுங்கிறதாலதான். காலை மீட்டிங்ல நீங்க கொண்டு போக வேண்டியது டி3 மட்டும்: எந்த லாட், எந்த மெஷின், எத்தனை யூனிட் ஹோல்ட் பண்ணியாச்சு, அதுக்கு முந்தி ஓடின லாட்டைப் பார்த்தாச்சா, கடைசி நல்ல லாட் எது. ரூட் காஸ் கேட்டா: "இன்னும் உறுதியாகல. மெஷின், மெட்டீரியல், ரெண்டுலயும் சந்தேகம். மதியம் கிராஸ் செக்ஷன் (யூனிட்டை வெட்டிப் பார்க்கிற ரிப்போர்ட்) வந்ததும் சொல்றேன்." நேரம் சொல்லணும், சொன்ன நேரத்துக்கு வரணும். விடை இல்லாட்டியும் வரணும்.

மீட்டிங்குக்கு முன்னாடி ஆப்பரேட்டர்கிட்ட பேசாம போகாதீங்க. அலாரம் எப்ப அடிச்சுது, ஸ்பூல் (கம்பிச் சுருள்) எப்ப மாத்துனாங்க, எல்லாம் சிஸ்டத்துல வர்றதுக்கு முந்தியே அவங்க வாய்ல இருக்கும்.

பழைய_டாக்டர்_ஈப்போ

எல்லாரும் ரொம்ப செல்லம் கொடுக்கிறீங்க. 2011-ல ஷிஃப்ட் முறை வர்றதுக்கு முன்னாடி ஓன்-கால்னா காலைல ஏறினா மறுநாள் சாயங்காலம்தான் இறங்குவோம். யாரும் மனசைப் பத்திப் பேசல. வேலையைக் கத்துக்கிட்டோம்.

செந்தூல்_எம்ஓ

அண்ணே, மரியாதையோட சொல்றேன். தாங்கினவங்கதான் இன்னிக்குப் பேசறாங்க, பாதியில விட்டுப் போனவங்க இங்க வந்து எழுத மாட்டாங்க. மணி நேரத்தைப் பத்தி நான் ஒண்ணும் கேக்கல. "ஹீமோலைஸ்ட்"னு ஒரு வரியைக் காட்ட 10 செகண்ட் போதும்.

பழைய_டாக்டர்_ஈப்போ

அந்த வரியை அவனே படிச்சிருக்கலாமே? ரிப்போர்ட்டை முழுசாப் படிக்கிறதும் வேலைதான். எல்லாத்தையும் மனப் பிரச்சினைன்னா, உண்மையிலேயே தெரியாதவனும் அதுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்குவான்.

கூச்சாய்லாமா_கணக்கு

கடைசி வரியில ஐயா சொல்றது நியாயம். அதுக்குத்தான் எ, த, யோ.

பிரிக்பீல்ட்ஸ்_ஆலோசகர்

குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும், இது என் துறை. திறமை இருந்தும் "நான் லாயக்கில்லை, வேஷம் போடறேன்"னு தோணற இந்த இம்போஸ்டர் உணர்வை முதல்ல எழுதினவங்க பாலின் கிளான்ஸ், சூசான் ஐம்ஸ்னு ரெண்டு உளவியலாளர்கள், 1978-ல. அவங்க பார்த்தது பட்டமும் பதவியும் கையில இருக்கிற பெண்களை. அதிர்ஷ்டத்தால வந்தோம், ஒருநாள் பிடிபட்டுடுவோம்னு அவங்க நெனச்சாங்க. கிளான்ஸ் பிறகு 20 கேள்வி அளவுகோல் ஒண்ணு செஞ்சாங்க. ஒவ்வொண்ணுக்கும் 1 முதல் 5. மொத்தம் 40-க்குள்ளன்னா குறைவு, 41–60 மிதம், 61–80 அடிக்கடி, 80-க்கு மேல தீவிரம். இது நோய்க் கணிப்பு கிடையாது, நம்பரைப் பிடிச்சுத் தொங்காதீங்க.

கவனிக்க வேண்டிய சுழல் ஒண்ணு இருக்கு. புது வேலை வந்ததும் பதட்டம். அதனால ஒண்ணு அளவுக்கு மீறித் தயார் பண்றது, இல்லன்னா தள்ளிப்போட்டுக் கடைசி ராத்திரி முடிக்கிறது. வேலை நல்லா வந்தாலும் முதல் ஆள் "உழைச்சதால தப்பிச்சேன்"னுவார், ரெண்டாவது ஆள் "ஏதோ அதிர்ஷ்டம்"பார். எப்படி ஜெயிச்சாலும் கணக்குல வரவு ஏறாது, ஓட்டைக் குடத்துல தண்ணி பிடிக்கிற கதைதான். அதனால பாராட்டு மட்டும் இவங்களுக்கு உதவாது. "நீ கெட்டிக்காரி"ன்னு சொன்னா பயம் கூடும், ஏன்னா இப்ப ஏமாத்த இன்னும் ஒரு ஆள் சேர்ந்தாச்சு. "18ஜி பச்சை ப்ரானூலா (நரம்புல மருந்து ஏத்தற குழாய்) நீயே போட்ட, முதல் குத்துலயே வந்துச்சு"ன்னு நடந்ததைச் சொன்னா மறுக்க முடியாது.

வேலைக்கு முன்னாடி எவ்ளோ நேரம் ஆகும், எங்க இடறும்னு ஒரு வரி எழுதி வைங்க, முடிஞ்சதும் நடந்ததைப் பக்கத்துல எழுதுங்க. சில வாரத்துல பயத்தோட கணிப்பு எவ்ளோ தப்புன்னு உங்க கையெழுத்திலேயே தெரியும்.

ரெண்டு வாரமா தூக்கமும் பசியும் போய், எதுலயும் பிடிப்பில்லாம இருந்தா இந்த நோட்டை மூடிட்டு டாக்டரைப் பாருங்க. செத்துடலாம்னு தோணினா ரெண்டு வாரம் எண்ணாதீங்க, அப்பவே பேசுங்க. பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் 03-76272929, 24 மணி நேரமும்.

லெப்பாஸ்_லைன்3

ஸ்கோர் யாரும் கேக்கலியே அக்கா 😅 ஆனா அந்தக் கணிப்பு வரி நல்லா இருக்கு.

சேம்பரிங்_நடுவுல

வக்கீல் பக்கம் சுருக்கமா. 9 மாசம் சேம்பரிங் (சீனியர் வக்கீல்கிட்ட பயிற்சி), 3 மாசத்துக்கு அப்புறம் ஷார்ட் கால் (பயிற்சியிலேயே கோர்ட்ல நிக்கிற அனுமதி) வாங்கி மென்ஷனுக்கு (வழக்கு நிலையைச் சொல்லி அடுத்த தேதி வாங்கறது) போறோம். ரெஜிஸ்ட்ரார் முன்னாடி முக்கால்வாசிப் பேர் திணறுறது சட்டத்துல இல்ல. அடுத்த தேதியிலதான். "உங்க சீனியருக்கு எப்ப முடியும்?"னு கேட்டதும் பக்கத்துல நின்ன ஒரு பொண்ணு முகம் வெளுத்து நின்னதைப் பார்த்தேன். அரைப் பக்கத்துல இது போதும்: வழக்கு எண், ரெண்டு பக்க வக்கீல் பேர், போன தடவை என்ன உத்தரவு, அதுல எது தாக்கலாச்சு, எது ஆகல, ஏன், சீனியரோட காலி தேதி மூணு. எதிர்த்தரப்பு வக்கீலுக்கு முந்தின நாளே போன் பண்ணித் தேதியைப் பேசி வச்சுட்டா உள்ள பெரும்பாலும் சில நிமிஷ வேலை.

புது_எச்ஓ_கெப்போங்

அடுத்த வாரம் டேக்கிங் ஆரம்பம். செந்தூல் அக்கா, ரவுண்டுக்கு அந்த மாதிரி அரைப் பக்கம் ஏதாவது இருக்கா?

செந்தூல்_எம்ஓ

இருக்கு தம்பி. ஏ4-ஐ நாலா மடி, ஒரு கட்டத்துக்கு ஒரு நோயாளி. பேர் வேணாம், கட்டில் நம்பர் மட்டும். பேப்பர் கேன்டீன்ல விழுந்தாலும் பிரச்சினை வராது. வரிசை இப்படி: அட்மிட் ஆகி எத்தனையாவது நாள், முக்கியப் பிரச்சினை ரெண்டு, ராத்திரி என்ன ஆச்சு, காய்ச்சல் உச்சம், பிபி, இன்டேக் அவுட்புட், இன்னிக்கு ரத்தம், நேத்து ரத்தம், நேத்துச் சொன்ன பிளான்ல எது பாக்கி. நேத்து நம்பரை விடாதே, "ஏறுதா இறங்குதா?"ன்னு நிச்சயம் கேப்பாங்க. லேப் நம்பர் பக்கத்துல லேப் எழுதின குறிப்பையும் எழுது. தெரியாத நம்பருக்கு வட்டம் போட்டு வை, ஊகிச்சுச் சொல்லாதே. "பார்த்துட்டு ரவுண்டு முடியறதுக்குள்ள சொல்றேன்"னு சொல்லு. பேனா ரெண்டு எடுத்துக்கோ, ஒண்ணை ஸ்பெஷலிஸ்ட் வாங்கிட்டுப் போயிடுவாங்க.