புதுப்பிப்பு: அப்பாவின் ஸ்டீரியோ திருந்திவிட்டது

அப்பா 1970களில் வாங்கிய ஸ்டீரியோ ரிசீவரில் சத்தத்தைக் குறைத்தால் இடப்பக்க ஒலி நின்றுபோவதாகவும், கூட்டினால் திரும்பி வருவதாகவும் முன்பு எழுதியிருந்தேன். அதைத் திருத்தித் தந்த யாழ்ப்பாணத்து ஐயாவுக்கு மனமார்ந்த நன்றி.

வேறிடத்தில் கைவிரித்த அந்தப் பெட்டியின் மூடியைக் கழற்றியதுமே, ஸ்பீக்கருக்குப் போகும் ஒலியை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்சான ஸ்பீக்கர் ரிலேயின் தொடுமுனைகளில் கறுத்த படலம் படிந்திருப்பதைக் காட்டி, மெல்லிய ஒலிக்குரிய மின்னோட்டம் அந்தப் படலத்தைக் கடக்காது என்று எனக்குப் பொறுமையாக விளக்கினார். ரிலேயையும் காய்ந்துபோன கண்டென்சர்களையும் மாற்றிய பின்னரும் அவர் அவசரப்படவில்லை. உள்ளே கோளாறு இருந்தாலும் அளவுக்கு மீறிய மின்னோட்டம் பாயாதபடி 60 வாட் இழை மின்குமிழைத் தொடரில் இணைத்து, அது ஒருகணம் பிரகாசித்து மங்கியதை, அதாவது கோளாறு இல்லை என்பதைக் கண்ட பிறகே 230 வோல்ட்டை நேரடியாகக் கொடுத்தார். கிடைத்தற்கரிய பழைய ட்ரான்சிஸ்டர்கள் பிழைத்தது இந்த நிதானத்தால்தான். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட போர்க்காலத்திலும் இதே தொழிலைச் செய்தவராம்.

கசெட் டெக்கின் பெல்ட் இன்னும் மாற்ற வேண்டியிருக்கிறது. அதையும் அவரிடமே கொடுத்திருக்கிறேன்.