லேண்ட் ரோவர் சீரிஸ் 3: வென்ட் மூடியின் கீல் உடைந்துவிட்டது, பல்க்ஹெட்டை வெட்டாமல் சரிசெய்யலாமா?

நுவரெலியா_88
வாகனம் 88 அங்குல (முன், பின் சக்கரங்களுக்கு இடையே உள்ள தூரம்) சீரிஸ் 3, பெட்ரோல். முன்கண்ணாடிக்குக் கீழே, பல்க்ஹெட்டில் (என்ஜினுக்கும் இருக்கைகளுக்கும் இடையிலுள்ள தகட்டுச் சுவர்), காற்று உள்ளே வர உள்ள இரண்டு வென்ட் மூடிகளில் ஓட்டுநர் பக்கத்து மூடி இறுகிப் போயிருந்தது. லீவரை அழுத்தித் தள்ளியதில் ஓரத்துக் கீல் பிய்ந்துவிட்டது. மற்றக் கீல் அசையவே இல்லை. மழை பெய்தால் தண்ணீர் நேரே கால்மாட்டில் இறங்குகிறது. கராஜில் அந்தப் பகுதியையே வெட்டி வெறும் தகடு வைத்து அடைக்கச் சொல்கிறார்கள். கீலை மட்டும் மாற்ற வழி உண்டா? கீலுக்குள் ஓடும் ஊசிக்கு (பின்) எந்தக் கம்பி நல்லது?

டிங்கர்_கோவை
தயவுசெய்து வெட்ட விடாதீர்கள். 2006 வரை வந்த டிஃபெண்டரிலும் தொடர்ந்த அமைப்பு இது. அடைத்துவிட்டால் வெயிலில் உள்ளே காற்றே வராது.

முதலில் உள்ளே கையை விட்டு லீவரின் இணைப்பை மூடியிலிருந்து கழற்றுங்கள். அது மாட்டியிருக்கும்போது கீலைத் தட்டினால் மூடியின் நடுப்பகுதி வளைந்துவிடும். கழற்றிய பின் ஸ்குரூடிரைவர் நுனியால் கீலைச் சுற்றிய தகட்டைக் குத்திப் பாருங்கள். 'டங்' என்று கேட்டால் தகடு நல்லது. நுனி உள்ளே இறங்கினால் அந்த இடத்துக்கு முதலில் புதுத் தகடு வைக்க வேண்டும்; துருப்பிடித்த தகட்டில் வைத்த வெல்டு நிற்காது.

இறுகிய கீலுக்கு: அசிட்டோனும் ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெயும் சம அளவில் கலந்து, இரண்டு நாள் காலையும் மாலையும் சொட்டு விடுங்கள். அசிட்டோன் பெயிண்டைக் கரைக்கும், சுற்றிலும் துணி வையுங்கள். பிறகும் அசையாவிட்டால் அடிக்காதீர்கள். இரும்பு துருவாகும்போது பருமன் பல மடங்கு ஆகிறது, அதனால் அந்தப் பின், கீலின் குழலுக்குள் ஆப்பு வைத்தது போல இறுகியிருக்கும். குழல்களுக்கு இடையே மெல்லிய ஹாக்ஸா பிளேடை நுழைத்துப் பின்னை அறுத்து, மூடியைத் தனியாக எடுங்கள். மீதித் துண்டுக்கு நடுவில் சென்டர் பஞ்ச் வைத்து, 3 மி.மீ. பிட்டில் தொடங்கி அரை அரை மில்லியாக ஏற்றுங்கள். குழலின் சுவர் தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள்.

பின்னுக்கு 304 ஸ்டெயின்லெஸ் கம்பி. துளையைவிட 0.1 முதல் 0.2 மி.மீ. மெலிதாக இருக்கட்டும். இன்னும் மெலிந்தால் ஓடும்போது மூடி கடகடவென்று ஆடும்.

பழையவண்டி_ஈழம்
ஸ்டெயின்லெஸ் போடலாம், ஆனால் அதை மட்டும் நம்பக் கூடாது. பின் துருப்பிடிக்காது, அதைச் சுற்றியுள்ள இரும்புக் குழல் பிடிக்கும். ஈரம் நின்றால் ஸ்டெயின்லெஸ் பக்கத்தில் இருப்பதால் இன்னும் சீக்கிரம் பிடிக்கும். குழலின் உட்புறத்துக்கு ஜிங்க் பிரைமர் தடவி, காய்ந்ததும் பின்னைக் கையால் ஓட்டிப் பார்த்து, படகுக்குப் போடும் கிரீஸ் வைத்துப் பூட்டுங்கள்.

பிய்ந்த கீலைப் பற்றி: தனிக் கீலை வாங்கினாலும் பட்டறையில் சுருட்டினாலும், இரண்டு கீலும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். இங்கேதான் பலருக்குத் தவறுகிறது. ஒரு மில்லி விலகினாலும் மூடி பாதியில் இறுகும், லீவரைத் தள்ளினால் பழையபடி வெல்டு பிய்யும். நேரான நீளக் கம்பி ஒன்றை இரண்டு கீலின் குழல்களிலும் ஒன்றாகக் கோர்த்துவிட்டு, புதுக் கீலை இரண்டு புள்ளியில் மட்டும் வெல்டு வைத்து ஒட்டுங்கள். கம்பியை உருவி, மூடியை மாட்டி, விரலால் ஆட்டிப் பாருங்கள். தன் எடையிலேயே விழுந்தால் சரி. அப்புறம் மூடியைக் கழற்றிவிட்டு 0.6 மி.மீ. மிக் (MIG) வெல்டிங் கம்பியில் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குத் துண்டு துண்டாக வெல்டு. ஒரே ஓட்டமாக இழுத்தால் தகடு கோணும்.

வெல்டு வைக்கும் முன் பேட்டரியையும் ஆல்டர்னேட்டரையும் கழற்றுங்கள். 88இல் பெட்ரோல் டேங்க் முன் சீட்டுக்கு அடியில் இருக்கிறது, தீப்பொறி அந்தப் பக்கம் போகாமல் ஈரச் சாக்கு விரியுங்கள். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

நுவரெலியா_88
மிக்க நன்றி அண்ணா. தகடு 'டங்' என்றுதான் கேட்கிறது. பழைய ரப்பரையே மூடியில் விடலாமா? புது மூடி அலுமினியத்தில் கிடைக்கிறது, அதை வாங்கலாமா?

டிங்கர்_கோவை
ரப்பரை மாற்றுங்கள். மூடிய செல் (தண்ணீர் உறிஞ்சாத) ஸ்பாஞ்சு ரப்பர், 6 மி.மீ.; மூடியதும் 3 அல்லது 4 மில்லிக்கு அமுங்க வேண்டும். தடித்த ரப்பர் வைத்தால் கீல் பக்கம் முதலில் முட்டி, கீழ் விளிம்பு திறந்தே நிற்கும். அப்போது லீவரை இறுக்கி இழுக்கத் தோன்றும், கீல் மறுபடி போகும். கீல் இருக்கும் மேல் விளிம்பில் மெலிந்த ரப்பர் வையுங்கள்.

பழையவண்டி_ஈழம்
பழைய மூடி வளையவில்லை என்றால் அதையே வைத்துக்கொள்ளுங்கள் தம்பி. அலுமினிய மூடியில் இரும்புத் திருகு தொடும் இடமெல்லாம் நைலான் வாஷர் போட வேண்டும், இல்லாவிட்டால் வெள்ளைப் பொடி பூக்கும். உள்ளே பூச்சி வலையில் சிக்கிய இலைக் குப்பையையும் தட்டி எடுங்கள். உங்கள் ஊர் மழையில் அதுதான் ஈரத்தை மாதக்கணக்கில் கீலுக்கு அருகில் பிடித்து வைத்திருக்கும்.